சக்கரம் வெறும் படம், கணக்கு வேறு இடத்தில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையச் சூதாட்டம் பற்றிய பேச்சு நம்மூரில் பணம், வயது, நேரம் என்ற மூன்றையே சுற்றி வருகிறது. எவ்வளவு கட்டலாம், எத்தனை வயதில் ஆடலாம், இரவு எத்தனை மணிக்கு மேல் ஆடக்கூடாது என்று கேட்கிறோம். திரையில் வரைந்திருக்கும் படத்தைப் பற்றி எவரும் கேட்பதில்லை. சுழலும் சக்கரம், உருளும் பகடை, கலைத்துப் போடும் சீட்டு, சுரண்டினால் உதிரும் வெள்ளிப்பூச்சு எல்லாவற்றையும் அலங்காரம் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் இந்தப் பழம்பொருள் ஒவ்வொன்றுக்கும் அதன் உருவத்திலேயே ஒரு கணக்கு உண்டு. ஆறு முகப் பகடையைப் பார்த்தால் ஆறில் ஒன்று என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். எட்டுக் கட்டச் சக்கரம் என்றால் எட்டில் ஒன்று. திரைக்குள் வரும்போது உருவம் மட்டும் வந்துவிடுகிறது, கணக்கு வெளியே நின்றுவிடுகிறது. அந்த இடைவெளியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். சற்று நீளம், பொறுத்தருள வேண்டும்.

பொருள் விற்கும் செயலிகளில் வரும் அதிர்ஷ்டச் சக்கரத்திலிருந்து தொடங்கலாம். எட்டுக் கட்டம், ஒவ்வொன்றும் 45 டிகிரி. ஒன்றில் கைபேசி, ஒன்றில் 500 ரூபாய், இரண்டில் 50 ரூபாய் கூப்பன், இரண்டில் பத்து சதவீதத் தள்ளுபடி, மீதி இரண்டில் 'அடுத்த முறை முயலுங்கள்'. நீங்கள் தொட்டதும் செயலி சர்வரை (நிறுவனத்தின் மையக் கணினியை) கேட்கிறது. சர்வரில் ஓர் அட்டவணை இருக்கும். உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: 10,000க்குக் கைபேசி 1, ஐந்நூறு ரூபாய் 9, கூப்பன் 490, தள்ளுபடி 3,500, 'அடுத்த முறை' 6,000. சர்வர் 1 முதல் 10,000 வரை ஓர் எண்ணை எடுத்து, அது எந்த வரிசையில் விழுகிறது என்று பார்த்துப் பரிசை முடிவு செய்துவிடும். உங்கள் கைபேசிக்குத் திரும்பி வருவது 'மூன்றாம் கட்டம்' என்ற ஒற்றைத் தகவல்தான். சக்கரம் அதற்குப் பிறகே சுற்றத் தொடங்குகிறது.

சுற்றுவதும் பின்னோக்கிப் போட்ட கணக்குதான். ஐந்து முழுச் சுற்றுக்கு 1,800 டிகிரி, அதோடு மூன்றாம் கட்டம் முள்ளுக்கு நேரே வர வேண்டிய டிகிரி, மொத்தம் நான்கு வினாடி. முதலில் வேகம், கடைசி ஒன்றரை வினாடியில் தளர்ச்சி. தேர்த்திருவிழாக் கடையில் இருக்கும் மரச்சக்கரம் அச்சின் உராய்வால் தளரும், தோல் நாக்கு ஆணிகளில் தட்டித் தட்டி நிற்கும். திரைச் சக்கரத்தில் உராய்வு இல்லை. உராய்வு மாதிரித் தெரிய ஒரு வளைகோட்டுச் சூத்திரம் இருக்கிறது. கோட்டைத் தாண்டும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு ஒலிக்கோப்பு ஓடும், கூடவே கைபேசி லேசாக அதிரும்.

இன்னும் ஒரு நுணுக்கம். மூன்றாம் கட்டத்துக்குள் முள் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் செயலியே முடிவு செய்கிறது. 45 டிகிரிக்குள் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். ஆனால் கைபேசிக் கட்டத்துக்கு இருபுறமும் 'அடுத்த முறை' கட்டத்தை வைத்துவிட்டு, கோட்டுக்கு இரண்டு டிகிரி முன்னாலோ பின்னாலோ முள்ளை நிறுத்தினால் பார்ப்பவர் 'ச்சே, மயிரிழையில் போச்சு' என்பார். போனது மயிரிழையில் இல்லை. படம் எட்டில் ஒன்று என்கிறது, அட்டவணை பத்தாயிரத்தில் ஒன்று என்கிறது. 1,250 மடங்கு வித்தியாசம்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். சக்கரம் உள்ள பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, தொடுவதற்கு முன் கைபேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். பிறகு தொடுங்கள். சக்கரம் அசையாமல் நின்றாலோ, நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தாலோ முடிவு வெளியிலிருந்து வருகிறது என்று அர்த்தம். மரச்சக்கரம் சுற்ற டவர் சிக்னல் தேவையில்லையே. பொறுமை இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. நாற்பது சுற்று முடிவுகளைத் தாளில் குறித்துவாருங்கள். எட்டுக் கட்டமும் சமம் என்றால் ஒவ்வொன்றும் சராசரியாக ஐந்து முறை வர வேண்டும். நீங்கள் முன்கூட்டியே குறித்துவைத்த ஒரு கட்டம், உதாரணமாகக் கைபேசிக் கட்டம், நாற்பதிலும் ஒருமுறைகூட வராமல் போவதற்கு நேர்மையான சக்கரத்தில் ஏறக்குறைய 200இல் ஒரு வாய்ப்புதான் உண்டு.

இந்த வித்தை செயலிக்காரர்கள் கண்டுபிடித்ததில்லை. இது தொடங்கிய இடம், காசு போட்டு உருளைகளைச் சுழலவிடும் சூதாட்டப் பெட்டியான ஸ்லாட் மெஷின்.

சான் பிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே என்ற மெக்கானிக் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்த 'லிபர்ட்டி பெல்' இயந்திரத்தில் மூன்று உருளை, ஒவ்வொன்றிலும் பத்துச் சின்னம். ஆக 1,000 சேர்க்கை. கைப்பிடியை இழுத்தால் உருளைகள் சுழலும். பிறகு நிறுத்துநெம்புகள் ஒவ்வொன்றாக, பல்சக்கரத்தின் வெட்டில் விழும். இடமிருந்து வலமாக உருளைகள் நிற்பதற்குக் காரணம் இந்த இயந்திர அமைப்புதான். இன்று கைபேசியில் ஆடும் ஸ்லாட்டிலும் இடதுதான் முதலில் நிற்கிறது. அங்கே பல்சக்கரமும் கிடையாது, நெம்பும் கிடையாது. முதல் இரண்டு உருளையில் ஒரே சின்னம் விழுந்து மூன்றாவது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த ஒரு வினாடிக்காகவே வரிசையை விடாமல் வைத்திருக்கிறார்கள். செர்ரி, எலுமிச்சை, பிளம் படங்களும் அப்படித்தான். 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் சூதாட்டச் சட்டத்திலிருந்து நழுவ, 'இது சூயிங்கம் விற்கும் பெட்டி' என்று காட்டிப் பழச் சின்னங்களை ஒட்டினார்கள். 'பார்' என்ற கறுப்புப் பட்டை அந்தச் சூயிங்கம் முத்திரையின் மிச்சம். சட்டத்துக்குப் போட்ட வேஷம் நூறு வருடம் கழித்து அலங்காரமாகிவிட்டது.

பழைய இயந்திரங்கள் யோக்கியமானவை என்று சொல்ல வரவில்லை. பெரிய பரிசுச் சின்னத்தில் உருளை நிற்காதபடி பல்சக்கரத்தின் வெட்டில் சின்ன உலோகத் துண்டைச் செருகிவைப்பதும் நடந்தது. ஆனால் அந்த மோசடி ஒரு துண்டு உலோகம். பெட்டியைத் திறந்தால் விரலால் தொட்டுக் கண்டுபிடிக்கலாம்.

உருளைக்கு ஓர் எல்லை இருந்தது. 22 இடம் உள்ள மூன்று உருளை என்றால் மொத்தம் 10,648 சேர்க்கை. பத்தாயிரத்துச் சொச்சத்தில் ஒருமுறை விழும் பரிசுக்கு, போட்ட நாணயத்தைப்போல் பத்தாயிரம் மடங்குக்கு மேல் தர முடியாது, கடைக்காரர் போண்டியாகிவிடுவார். பெரிய பரிசு வேண்டுமானால் உருளையைப் பெரிதாக்க வேண்டும், இல்லையேல் உருளைகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். இரண்டையும் ஆடுபவர் கண்ணால் பார்த்துவிடுவார். 'இதில் எங்கே விழப்போகிறது' என்று நகர்ந்துவிடுவார்.

அந்த எல்லையை உடைத்தது இங்கே டெல்னேஸ் (Inge Telnaes) என்பவர் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை, எண் 4,448,419, 1984 மே மாதம் வழங்கப்பட்டது. வெளியே தெரியும் உருளையில் 22 இடம் அப்படியே இருக்கும். உள்ளே கணினியில் கண்ணுக்குத் தெரியாத இன்னோர் உருளை, அதில் 64 இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினி 64இல் ஓர் எண்ணை எடுக்கும். அந்த எண் வெளியுருளையின் எந்த இடத்தைக் காட்ட வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கும். சிவப்பு 7க்கு 64இல் ஒரே ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டு, 7க்கு மேலே உள்ள வெற்றிடத்துக்கு ஆறு எண், கீழே உள்ள வெற்றிடத்துக்கு ஆறு எண் என்று பிரித்தால் என்ன ஆகும்? மூன்று 7 விழும் வாய்ப்பு 10,648இல் ஒன்றிலிருந்து 2,62,144இல் ஒன்றாக இறங்கிவிடும், ஏறக்குறைய 25 மடங்கு. அதே சமயம், நேர்மையான உருளையில் 7 பரிசுக் கோட்டில் நிற்பது ஒரு பங்கென்றால் கோட்டுக்கு ஒரு படி மேலோ கீழோ நிற்பது இரண்டு பங்கு. இங்கே பன்னிரண்டு பங்கு. அதாவது பரிசு அரிதாகிறது, பரிசு கண்ணில் படுவது கூடுகிறது. ஆடுபவர் கண்ணுக்கு உண்மையில் இருப்பதைவிட அதிக வாய்ப்பு இருப்பதாகத் தோன்ற வேண்டும் என்று அந்தக் காப்புரிமை ஆவணமே ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. திரைமறைவில் நடந்த ரகசியம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

'மயிரிழையில் போச்சு' என்ற உணர்வு வெறும் பேச்சும் இல்லை. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2009இல் மூளை ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, ஜெயித்தபோது தூண்டப்படும் பகுதிகளில் சில இப்படித் தவறவிட்டபோதும் தூண்டப்பட்டன. மேலும் ஆட வேண்டும் என்ற ஆசையும் கூடியது. தோல்வி என்று சிந்தை அறிந்திருந்தும் நடப்பது இது.

அமெரிக்காவின் நெவாடா மாநிலச் சூதாட்ட ஆணையத்தின் முன் இது வழக்காக வந்தது. ஜப்பானிய உற்பத்தியாளர் ஒருவரின் இயந்திரம் முதலில் தோல்வி என்று முடிவு செய்துவிட்டு, எந்தத் தோல்விப் படத்தைக் காட்டலாம் என்று இரண்டாம் நிரலை (புரோகிராமை) கேட்கும். அந்த நிரல் 'ஏறக்குறைய ஜெயித்த' படங்களையே அதிகம் எடுத்துக் கொடுக்கும். 1989இல் ஆணையம் அது கூடாது என்றது. ஆனால் 64 எண் வித்தையைத் தடுக்கவில்லை. அதில் ஒவ்வோர் உருளையும் தனித்தனியே, ஒரே மாதிரியான வாய்ப்பில் நிற்கிறது, முடிவுக்குப் பிறகு படம் மாற்றப்படவில்லை என்பது வாதம். இரண்டிலும் ஆடுபவர் பார்ப்பது ஒன்றுதான். வித்தியாசம் நிரலின் எந்த வரியில் ஏமாற்று நடக்கிறது என்பது மட்டும்.

அதே நெவாடாவில் நமக்கு உதவக்கூடிய ஒரு விதியும் இருக்கிறது. சூதாட்டக் கருவிகளுக்கான 14ஆம் ஒழுங்குவிதி, மேசையில் ஆடும் விளையாட்டைப் போலச் செய்யும் கருவியில் ஒரு சின்னம் வரும் வாய்ப்பு, அந்த மேசை விளையாட்டில் இருக்கும் வாய்ப்புக்குச் சமமாக இருக்க வேண்டும் என்கிறது. சீட்டு வரைந்தால் 52 சீட்டின் கணக்கு. பகடை வரைந்தால் ஒவ்வொரு முகமும் ஆறில் ஒன்று. உருளைக்கு மட்டும் இந்தக் கட்டாயம் இல்லை. அதனால் அங்கே திரையில் ஆடும் சீட்டாட்டமான வீடியோ போக்கரில் ஆஸ் எத்தனை முறை வரும் என்று ஆடுபவரே கணக்குப் போடலாம். பக்கத்திலிருக்கும் ஸ்லாட்டில் 7 எத்தனை முறை வரும் என்று கடவுளுக்கும் கம்பெனிக்கும்தான் தெரியும். நம் நாட்டில் இரண்டில் எதற்கும் இப்படியொரு விதி இல்லை.

இந்தச் சமத்துவ விதி ஏன் வேண்டும் என்பதற்குக் காசினோவரை போக வேண்டியதில்லை, தாயக்கட்டை போதும். இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3. மொத்தம் 16 சேர்க்கை. தாயம் விழ இரண்டு வழி (ஒன்றில் 1, மற்றதில் வெறுமை, அல்லது மாறி). இரண்டுக்கு மூன்று வழி, மூன்றுக்கு நான்கு, நான்குக்கு மூன்று, ஐந்துக்கு இரண்டு. ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் தலா ஒன்று. அவசரமாகத் தாயம் செயலி எழுதும் ஒருவர் '1, 2, 3, 4, 5, 6, 12 இதில் ஏதோ ஒன்று' என்று எழுதினால் எல்லாம் ஏழில் ஒன்றாகிவிடும். பித்தளைக் கட்டை உருண்டு சத்தத்தோடு நிற்கும் படம் அச்சு அசலாக இருக்கும். ஆனால் பன்னிரண்டு விழும் வாய்ப்பு 6.25 சதவீதத்திலிருந்து 14 சதவீதத்துக்குத் தாவியிருக்கும். மறுமுறை உருட்டத் தரும் 1, 5, 6, 12 நான்கும் சேர்ந்து 16இல் 6 ஆக இருந்தது 7இல் 4 ஆகிவிடும், அதாவது 37.5இலிருந்து 57 சதவீதம். வீட்டுத் திண்ணையில் நாற்பது வருடம் உருட்டிய பாட்டி இரண்டு ஆட்டத்திலேயே 'இது தாயமே இல்லை' என்று சொல்லிவிடுவார். அந்த நிரலாளர் ஏமாற்ற நினைக்கவில்லை. படத்தை நகலெடுத்தார், கட்டையை நகலெடுக்கவில்லை, அவ்வளவே. கெட்ட எண்ணத்தோடு செய்பவருக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். (சோழியில் இன்னும் சிக்கல். ஒவ்வொரு சோழியும் மல்லாக்க விழும் வாய்ப்பு அதன் வயிற்றைப் பொறுத்தது. எந்த நிரலும் உங்கள் வீட்டுச் சோழியாக முடியாது.)

சீட்டுக்கு வருவோம். ரம்மி பற்றிய நம் சட்ட விவாதம் முழுவதும் காகிதச் சீட்டின் மேல் கட்டப்பட்டது. 1967 நவம்பரில் ஆந்திரப் பிரதேச அரசுக்கும் கே. சத்தியநாராயணாவுக்கும் இடையிலான வழக்கில், விழும் சீட்டுகளை நினைவில் வைத்து எதை வைப்பது, எதை இறக்குவது என்று முடிவு செய்யத் திறமை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கலைத்த கட்டில் சீட்டு எங்கே போய் உட்காருகிறது என்பதைப் பொறுத்ததே அதில் உள்ள அதிர்ஷ்டம் என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பின் கண்முன் இருந்தது ஒரு கிளப் மேசை, மனிதக் கை, எண்ணக்கூடிய கட்டு. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தில் ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலில் இருந்ததை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோதும் இதே திறமை வாதம்தான் நின்றது. ஆனால் பச்சைத் துணி மேசை, ஆறு நாற்காலி, விசிறிபோல் விரியும் பதின்மூன்று சீட்டு என்று திரையில் வரைந்திருப்பதால் மட்டும் உள்ளே இருப்பது அதே ரம்மி ஆகிவிடுமா? கட்டில் இஸ்பேட் ராஜா இரண்டே இரண்டுதான் என்பதை யார் எண்ணிப் பார்த்தது? எதிர் நாற்காலியில் இருப்பது ஆளா, நிரலா? அந்த நாற்காலி படம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

கலைப்பதிலேயே எவ்வளவு தவறலாம் என்பதற்கு 1999இல் அமெரிக்காவில் நடந்தது நல்ல பாடம். ஒரு போக்கர் மென்பொருள் நிறுவனம், தாங்கள் நேர்மையாகத்தான் கலைக்கிறோம் என்று காட்ட, கலைக்கும் நிரலை இணையத்தில் வெளியிட்டது. பாதுகாப்பு வல்லுநர்கள் படித்துப் பார்த்தார்கள். முதல் தவறு, சீட்டை எந்த இடத்தோடு மாற்றுவது என்று எடுக்கும் எண் 1 முதல் 51 வரைதான் வரும், 52 வரவே வராது. அதனால் கடைசிச் சீட்டு கடைசி இடத்திலேயே இருக்கும் வாய்ப்பு பூஜ்யம். இரண்டாவது, ஒவ்வொரு சீட்டையும் மொத்தக் கட்டில் ஏதோ ஓர் இடத்தோடு மாற்றினார்கள். மூன்று சீட்டை வைத்துப் பாருங்கள். இப்படி மாற்றினால் 27 வழி, ஆனால் மூன்று சீட்டை அடுக்க 6 வரிசைதான். 27ஐ 6ஆல் மீதியின்றி வகுக்க முடியாது, ஆகவே சில வரிசைகள் அதிகம் வந்தே தீரும். இன்னும் கலைக்காத சீட்டுகளோடு மட்டும் மாற்றியிருந்தால் 3 பெருக்கல் 2 பெருக்கல் 1 என்று சரியாக ஆறு வழி வந்திருக்கும். மூன்றாவதுதான் பெரிய ஓட்டை. கலைப்பதற்கான எண்கள் எல்லாம் பிறக்கும் தொடக்க எண்ணை நள்ளிரவிலிருந்து கழிந்த மில்லிவினாடியில் எடுத்தார்கள். ஒரு நாளைக்கு 8 கோடியே 64 லட்சம் மில்லிவினாடி. 52 சீட்டை அடுக்கும் வரிசைகளின் எண்ணிக்கை 68 இலக்கம், அதில் 8 கோடியே 64 லட்சம் மட்டுமே வர முடியும். வல்லுநர்கள் சர்வர் கடிகாரத்தோடு தங்கள் கடிகாரத்தை ஒத்துவைத்தபோது அது சுமார் இரண்டு லட்சமாகச் சுருங்கியது. தங்கள் கையில் உள்ள இரண்டு சீட்டும் மேசையில் திறந்த மூன்று சீட்டும் தெரிந்தால் போதும், எல்லோர் கைச்சீட்டும் கணினியில் தெரிந்துவிட்டது. இத்தனைக்கும் திரையில் சீட்டு அழகாகக் கலைந்து, அழகாகப் போடப்பட்டது.

இங்கே ஒரு பழக்கமான பதில் வரும்: 'எங்களிடம் ரேண்டம் எண் சான்றிதழ் இருக்கிறது.' இருக்கட்டும். அந்தச் சான்றிதழ் சொல்வது 1 முதல் 10,000 வரை எண்கள் ஒழுங்காக, கணிக்க முடியாதபடி வருகின்றன என்பதை. வந்த எண்ணை எந்தக் கட்டத்தோடு இணைத்தார்கள் என்ற அட்டவணை அதற்குப் பிந்திய கதை. தராசு சரி என்று முத்திரை இருக்கலாம், சிட்டையில் விலை எழுதுவது வேறு கை.

பிள்ளைகள் ஆடும் விளையாட்டுகளில் வரும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் திறக்கும் 'பெட்டி திறப்பு' வேறு வகை. ஜப்பானில் நாணயம் போட்டுத் திருகினால் பிளாஸ்டிக் உருண்டைக்குள் பொம்மை விழும் கச்சாபோன் இயந்திரத்தின் நகல் அது. அந்தப் பெயரிலிருந்துதான் இவ்வகை விளையாட்டைக் குறிக்கும் 'கச்சா' என்ற சொல்லே வந்தது. நமக்குப் புரியும் பொருள் பெட்டிக்கடையில் தொங்கிய லக்கி பிரைஸ் அட்டை. நூறு சீட்டு ஒட்டியிருக்கும், பரிசுகள் மேலே தொங்கும். அறுபது சீட்டு கிழிந்தும் முதல் பரிசு தொங்கிக்கொண்டிருந்தால் மீதி நாற்பதில் அது இருக்கிறது என்று பையன்கள் சுற்றி நிற்பார்கள். (முதல் பரிசு எண்ணை மட்டும் முன்கூட்டியே உருவிக்கொள்ளும் கடைக்காரர்களும் உண்டு. அட்டை முழுதும் கிழிந்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும்.) கிழிக்கக் கிழிக்க வாய்ப்பு கூடும், நூறாவதில் கட்டாயம் விழும். திரைப்பெட்டியில் எதுவும் தீர்வதில்லை. ஒரு சதவீதம் என்றால் ஒவ்வொரு முறையும் அதே ஒரு சதவீதம். நூறு முறை திறந்தும் கிடைக்காமல் போக 36.6 சதவீத வாய்ப்பு, முந்நூறு முறைக்குப் பிறகும் ஐந்து சதவீதம். 'இவ்வளவு தூரம் வந்தாச்சு, இனி விழுந்துதான் ஆக வேண்டும்' என்ற நினைப்பு அட்டைக்குச் சரி, பெட்டிக்குத் தப்பு. படம் அட்டையை நினைவுபடுத்துவதால் அட்டையின் நியாயத்தைப் பிள்ளைகள் இங்கும் எதிர்பார்க்கிறார்கள். சில விளையாட்டுகள் இத்தனை முறைக்குள் உறுதி என்று வரம்பு வைத்திருக்கின்றன. அது பழைய அட்டையின் குணத்தில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான். ஜப்பான் 2012இல், பல பொம்மைகளை முழுத் தொகுப்பாகச் சேர்த்தால்தான் பெரிய பரிசு என்ற வகையைத் தடை செய்தது. சீனா 2017 மே முதல் வாய்ப்பு எண்களை வெளியிடச் சொல்லியிருக்கிறது.

சுரண்டல் அட்டை பற்றிச் சுருக்கமாக. தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் லாட்டரி தடைசெய்யப்பட்டதோடு சுரண்டல் லாட்டரியும் போயிற்று. விரலால் தேய்க்கும் அட்டை பணம் அனுப்பும் செயலிகளில் திரும்ப வந்தது. பல சலுகைகளின் விதிமுறையில் 'தமிழ்நாடு நீங்கலாக' என்று ஒரு வரி இருப்பதற்கு இங்குள்ள 1979ஆம் ஆண்டுப் பரிசுத் திட்டத் தடைச் சட்டம் காரணம். காகித அட்டையில் எண் அச்சாகியிருக்கும், பூச்சு அதை மறைத்திருக்கும், நாணயத்தால் தேய்ப்பது உண்மையான வேலை. திரையில் மறைக்க எதுவும் இல்லை. பாதி சுரண்டிவிட்டுச் செயலியை மூடித் திறந்தாலும் அதே தொகைதான் வரும். எந்த மூலையிலிருந்து தேய்த்தாலும் அதுவே வரும். பகடையைக் குலுக்க கைபேசியை ஆட்டச் சொல்வதும், சுற்றும் உருளையை 'நிறுத்து' பொத்தானால் நிறுத்தச் சொல்வதும் இதே ஜாதி. கைக்கு வேலை கொடுத்தால் முடிவில் தனக்குப் பங்கு இருப்பதாக மனம் நம்பிவிடும்.

ஒலி விஷயம் தனியாகக் கவனிக்கத்தக்கது. நாணயம் போட்டு ஆடிய காலத்தில் தகரத் தட்டில் நாணயம் விழும் சத்தம் வந்தால், ஒரு நாணயம் போட்டவருக்கு ஒன்றாவது திரும்பியது என்று பொருள். இப்போது ஒரே சுற்றில் இருபது பரிசுக் கோட்டில் கோட்டுக்கு ஒரு ரூபாய் கட்டலாம். இருபது கட்டி ஆறு ரூபாய் திரும்பினாலும் அதே நாணயச் சத்தம், அதே ஒளி. பதினான்கு ரூபாய் போனதற்கு மேளதாளம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல், உடல் இந்தப் பொய் வெற்றிக்கும் உண்மை வெற்றிபோலவே துடிக்கிறது என்று அளந்து காட்டினார்கள். பிரிட்டன் 2021 அக்டோபர் 31 முதல் இணைய ஸ்லாட்டுகளில் கட்டியதற்குச் சமமாகவோ குறைவாகவோ திரும்பும்போது வெற்றி ஒலியும் காட்சியும் கூடாது என்றது. தானாகவே ஓடும் ஆட்டத்தையும் தடுத்தது. ஒரு சுற்றுக்குக் குறைந்தது இரண்டரை வினாடி என்றும் வரம்பு வைத்தது. அந்த வேகத்திலும் மணிக்கு 1,440 சுற்று ஆகும். கைப்பிடி இழுத்துத் தோள் வலித்த காலத்தில் அது நடக்காது. தோள்வலியும் ஒரு வேகத்தடைதான், அதைத்தான் முதலில் கழற்றினார்கள்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்கிறது. நாம் மேலே பார்த்த சக்கரம், சுரண்டல் அட்டை போன்றவை பெரும்பாலும் அதற்கு வெளியே நிற்கின்றன. அவற்றில் பந்தயம் கட்டுவதில்லை, பொருள் வாங்கினால் ஒரு சுற்று இலவசம். நுகர்வோரை ஏமாற்றும் வடிவமைப்புகள் பற்றி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் 13 வகைகள் இருக்கின்றன. பொய் அவசரம், கூடையில் திருட்டுத்தனமாகப் பொருள் சேர்ப்பது எல்லாம் உண்டு. ஒரு பொருளின் படத்தைக் காட்டி அதன் வாய்ப்பை மாற்றுவது அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை. பதினான்காவதாக அதைச் சேர்க்க வேண்டும்.

சேர்ப்பது கடினமில்லை. சீட்டு, பகடை, காசு சுண்டுவது, சமக்கட்டச் சக்கரம் போன்று எல்லோருக்கும் வாய்ப்பு தெரிந்த பொருளைத் திரையில் காட்டினால் அதே வாய்ப்பில் அது இயங்க வேண்டும். முடியாதென்றால் வரைவதை மாற்ற வேண்டும். சக்கரக் கட்டத்தின் அகலம் வாய்ப்பின் அளவாக இருக்கட்டும். ஆறு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள திரைச் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 188 மில்லிமீட்டர். பத்தாயிரத்தில் ஒன்று என்றால் கைபேசிக் கட்டத்தின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு, தலைமுடியைவிட மெல்லியது. அப்படி வரைந்துவிட்டு அதில் கைபேசிப் படத்தை எங்கே ஒட்டுவார்கள் என்பது அவர்கள் பாடு. சான்றிதழ் தரும் ஆய்வகங்கள் ரேண்டம் எண்ணோடு நிற்காமல் அட்டவணையையும், முள் கட்டத்துக்குள் எங்கே நிற்கிறது என்ற பரவலையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். ஆயிரம் சுற்றின் டிகிரி விவரத்தைக் கேட்டு வாங்கினால், பரிசுக் கட்டத்துக் கோட்டை ஒட்டிக் குவிந்திருக்கிறதா என்பது அரைமணி நேர வேலை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். நாளிதழ்களின் இணையப் பக்க ஓரங்களிலும் இந்தச் சக்கர விளம்பரங்கள் சுழல்கின்றன. அடுத்த முறை அப்படியொன்று வரும்போது, கட்டத்தின் அளவும் வாய்ப்பின் அளவும் ஒன்றுதானா என்று தங்கள் விளம்பரப் பிரிவினர் கொடுப்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கட்டும்.

இப்படிக்கு,
விளையாட்டு நிரல்களைச் சோதிக்கும் வாசகர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.